கால்வாயில் தூங்கிய நாய்

2025 பிப்ரவரி 3, திங்கள்

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஆறேகாலுக்கு நின்றது. மேல்வீட்டுக்காரி மோட்டார் போட்டு இழுத்திருப்பாள். போன வருடம் ஜூன் மாதமும் இதே வேலைதான் செய்தாள். கேட்டதற்கு, "இன்னா ஆயா, உங்களுக்கு வேற வேலையே இல்லியா" என்றாள். அதையும் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முழங்கால் வலி கம்மி.

பேத்தி ஹேமலதா ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பழைய ஆம்பூர் படங்களாம். கறுப்பு வெள்ளை. மெட்ராஸில் யாரோ ஒரு பெண் போட்டிருக்கிறாள், இவை எந்த இடங்கள், எடுத்தவர் யார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. ஒரு படத்திலும் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவர். பூட்டிய கடை. லாரி எடைமேடை. ரயில்வே கேட்டு. சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் கவிழ்த்த குடம்.

"இதையெல்லாம் போயி எவன் ஆயா போட்டோ புடிப்பான்?" என்று சிரித்தாள்.

எவன் பிடிப்பான் என்று எனக்குத் தெரியும். கண் தெரியவில்லை என்று போனைத் தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அந்தப் பெயரை நான் வாயால் சொல்லி முப்பத்திமூன்று வருடமும் ஐந்து மாதமும் ஆகப்போகிறது. இப்போது மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 9, ஞாயிறு

ஹேமா அடங்கவில்லை. "எங்க ஆயாவுக்கு ஆம்பூர்ல ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்று அந்த மெட்ராஸ் பெண்ணுக்கு எழுதிவிட்டாள். அவள் இன்று வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் தமிழினி. ஓவியக் கல்லூரியில் வாத்தியார் வேலை. முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். நாற்காலி கொடுத்தேன், வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தாள். டீயை ஆறவிடாமல் குடித்தாள். பாட்டி பாட்டி என்றாள். அதுதான் காதில் ஏறவில்லை. நான் என்ன பிராமணத் தெருவிலா இருக்கிறேன்?

நவரத்னா ஸ்டுடியோவை இடிக்கப் போகிறார்களாம். அங்கே ஒரு தகர டப்பா நிறைய நெகட்டிவ் கிடைத்திருக்கிறது. ஸ்டுடியோக்காரர் பெருமாள் செத்துப் பல வருடம் ஆகிறது. மகன் செந்தில்குமார்தான் டப்பாவை இவளிடம் கொடுத்தானாம். கூடக் கிடைத்த பழைய பிரிண்டுகளின் பின்னால் எல்லாம் ஸ்டுடியோ சீல். அதனால் எடுத்தவர் பெருமாள்தான் என்கிறான் மகன். அடுத்த மாதம் இங்கேயே ஆம்பூரில் படங்களை மாட்டிக் காட்டப் போகிறார்கள். வாசலில் ஒரு பெயர் எழுத வேண்டும்.

"எனக்கு மனசு ஒப்பலை பாட்டி. கல்யாணத்துக்கும் ஐடி கார்டுக்கும் படம் எடுக்கிறவர், ஆளே இல்லாம நூறு படம் எடுப்பாரா? இது வேற யாரோ. பெரிய கலைஞர். அந்த ஆள் உயிரோட இருந்தா அவருக்குத் தெரியணும் இல்லையா?"

அவள் கொண்டுவந்த நாற்பது படங்களைத் தரையில் பரப்பி, இடத்தின் பெயர் மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். இது கஸ்பா குழாயடி. இது வக்கார் அகமது விறகுக்கடை, மூடியிருக்கிறது. இது ரெட்டித்தோப்பு கேட்டு.

பேசிக்கொண்டே கை ஏதோ அடுக்கியிருக்கிறது. கவனிக்கவில்லை.

"எந்த வரிசையில அடுக்குறீங்க பாட்டி?"

பார்த்தேன். கஸ்பாவில் தொடங்கி, குழாயடி, விறகுக்கடை, எடைமேடை, ரயில்வே கேட்டு, அப்புறம் தோல் பதனிடுகிற ஒவ்வொரு தோல்ஷாப்பு வாசலாக. சாப்பாட்டுக் கேரியர் போகிற வழி. அப்படியே அடுக்கியிருக்கிறேன். சட்டென்று கலைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் அவள் போனில் படம் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

மூன்று படங்களில் கீழே ஓரத்தில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. மாடி வீடு மாதிரி இருக்கிறதே, என்ன நிழல் என்று கேட்டாள். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி, பெட்டிக்கு மேல் மூன்று அடுக்காகச் சாப்பாட்டுக் கேரியர்கள்.

தெரியலைம்மா என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினால் நெஞ்சில் பாரம் குறைகிறதா பார்ப்போம்.

அவன் பெயர் சர்தார் பாஷா. கஸ்பாக்காரன். தினமும் வீடு வீடாகக் கேரியர் வாங்கி, சைக்கிளில் கட்டி, பன்னிரண்டரைக்குள் தோல்ஷாப்பு வாசல்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். மூன்று மணிக்குக் காலிக் கேரியர் திரும்பி வரும். ஜெத்தாவிலிருந்து அவன் மச்சான் கொண்டுவந்த கேமரா ஒன்று கழுத்தில் தொங்கும். போகிற வழியில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, சுவரை எடுப்பான், தொட்டியை எடுப்பான். பெருமாள் ஸ்டுடியோவில் கழுவக் கொடுப்பான். ஊரே சிரிக்கும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

1991 ஜூலை 17, புதன். ஆடி முதல் நாள். என் வீட்டுக்காரர் சுப்பராயன் ஏழு மணிக்குச் சைக்கிளில் தோல்ஷாப்புக்குப் போனார். கேரியர் மேல்தட்டில் பாயசம் வைத்தேன். மூன்று மணிக்குக் கேரியர் வந்தது, கனமாக. திறக்கவே இல்லை. "சுப்பராயன் இன்னைக்கு வேலைக்கு வர்லன்னு வாட்ச்மேன் சொல்றான் தங்கச்சி" என்றான் பாஷா.

ஆறு மணிக்கு ஆள் வந்து சொன்னார்கள். தோல்ஷாப்புக்குப் பின்னால், வெளியே, சாக்கடையில் கிடந்தாராம். குடித்துவிட்டு விழுந்தாராம். பத்தொன்பது வயதிலிருந்து நான் பார்த்த மனுஷன். கள்ளு வாசனை வந்தால் தெரு மாறிப் போகிறவர். கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது, ஒன்பது மணிக்கு உள்ளே இறக்கினார்கள், விஷக்காற்று தாக்கி அங்கேயே போய்விட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் என் காதில் மட்டும் சொன்னார்கள். லேபர் ஆபீசர் முன்னால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் பிள்ளைகுட்டி.

செப்டம்பர் 12, வியாழன். வேலூர் லேபர் ஆபீஸில் நஷ்டஈட்டு விசாரணை. அவர் சைக்கிள் தினமும் ஸ்டாண்டில் கல்தூணை ஒட்டித்தான் நிற்கும், அன்றைக்கும் நின்றிருக்கும், யாரையாவது கேளுங்கள் ஐயா என்று சொன்னேன். மேனேஜர் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தான். "அன்னைக்கு மதியம் எடுத்தது சார். பின்னாடி தேதி பாருங்க. அந்தாளு சைக்கிள் எங்க நிக்குது?"

என் கையில் கொடுக்கவில்லை. தூரமாகக் காட்டினார்கள். கல்தூண். பக்கத்தில் காலி இடம். தள்ளி இரண்டு சைக்கிள், ஒன்றுக்குச் செயின் கவர் பாதி உடைந்திருந்தது. திருப்பினால் நவரத்னா சீல், மசியில் 17-7-91. ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு குறுக்குக்கோடு.

ஆளே இல்லாத படம். இந்த ஊரில் அப்படி எடுக்கிறவன் ஒருத்தன்தான். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேஸ் போய்விட்டது. அன்று சாயந்திரம் பாஷா வாசலில் வந்து நின்றான். அதே கேரியரைத் தூக்கி அவன்மேல் எறிந்தேன். தோளில் பட்டுத் தெருவில் உருண்டது. அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தான். கதவைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. செய்தவனுக்குத் தெரியாதா?

வருடா வருடம் புது டைரி வந்ததும், பேசக்கூடாதவர்கள் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். முதல் பெயர் அவனுடையதுதான். பெரிய கலைஞராம்.

பாரம் குறையவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

செந்தில்குமார் லட்டுப் பெட்டியோடு வந்தான். பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். பேச்சில் பணிவு ஜாஸ்தி.

"எங்கப்பா பேரு பெருசா வெளிய வரப்போவுது ஆயா. அந்த மேடம் உங்க பேச்சைத்தான் நம்புது. எங்கப்பா கேமராவோட தெருவுல சுத்துனதைப் பாத்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பெருமாள் தெருவில் சுற்றியதா? மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் கம்பெனி ஆட்கள் கார்டு போட்டோவுக்கு வருவார்கள். அந்த ஆள் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை ஸ்டுடியோவை விட்டு நகர்ந்ததில்லை. வெயில் பட்டால் குடை பிடிப்பார். அந்தப் படங்களில் எல்லாம் நிழல் காலடியிலேயே கிடக்கிறது. உச்சிவெயில் படங்கள்.

இருந்தாலும், "ஆங், சொல்றேம்பா" என்றேன்.

பெருமாளுக்கே போகட்டும். அந்தக் கேரியர்க்காரனுக்குப் போகாமல் இருந்தால் போதும். ஒரு லட்டு தின்றேன். நெய் கம்மி.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாக வரும்.

தமிழினி மீதிப் படங்களைக் கொண்டுவந்தாள். சுவரில் மாட்டுவதற்காகத் தலையணை அகலத்துக்குப் பெரிதாகப் போட்டிருக்கிறாள். ஏழாவதோ எட்டாவதோ. எடுத்து என் மடியில் வைத்தாள்.

கல்தூண். பக்கத்தில் காலி இடம். செயின் கவர் பாதி உடைந்த சைக்கிள்.

அதே படம். ஆனால் முழுப் படம். அன்று காட்டியதில் இருந்தது இதில் ஒரு மூலைதான். இதில் ஸ்டாண்டு முழுவதும் தெரிகிறது. அறுபது சைக்கிள் நிற்கிற ஸ்டாண்டில் நான்கே நான்கு. இடது பக்கம் பெரிய கேட்டு சாத்தியிருக்கிறது. ஸ்டாண்டுக்கு முன்னால், ரோட்டோரம், கால்வாய்.

கால்வாய்க்குள் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ. தமிழினி "என்ன பாட்டி, உடம்பு சரியில்லையா" என்று தோளைத் தொட்டாள்.

அந்தக் கால்வாயில் நாயா? தோல்ஷாப்பு ஓடினால் சுண்ணாம்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் காலையிலிருந்து ராத்திரிவரை அதில்தான் போகும். கால் பட்டால் தோல் வெந்துவிடும். நாய்கள் தாண்டக்கூட மாட்டா. வாரத்தில் ஒரே நாள்தான் அது காயும். அந்த ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. தோல் சுழற்றுகிற உருளைகள் நிற்கும், தண்ணீர் நிற்கும், பத்து மணிக்குள் தரை காய்ந்துவிடும். குளுமைக்கு நாய்கள் வந்து படுக்கும்.

இது வெள்ளிக்கிழமை எடுத்த படம். அவர் செத்தது புதன்கிழமை.

லீவு நாளில் எடுத்த படத்தை வெட்டி, புதன்கிழமை என்று எழுதி, என் வீட்டுக்காரரைக் குடிகாரர் ஆக்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

அவங்க வெட்டினாங்க. சரி. நான் இன்னா பண்ணேன்?

கதவைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா? "ஏன் பாய் இப்படிப் பண்ணே"ன்னு திட்டவாவது திட்டியிருந்தா? அது ஜும்மா போட்டோவாச்சே தங்கச்சின்னு அவரு அங்கியே சொல்லியிருப்பாரு. நெகட்டிவ் ஸ்டுடியோவுல இருந்துச்சு. முழுப் படமும் இருந்துச்சு. அடுத்த நாளே வேலூருக்குப் போயிருக்கலாம். மூணு வாட்டி வந்தாரே மனுஷன். மூணு வாட்டி.

பூவரசன் அப்ப ஆறாவது. என் ஒரே பிள்ளை. குடிகாரன் புள்ளன்னு கிளாஸ்ல கூப்பிட்டானுங்கன்னு பையைத் தூக்கிப் போட்டுட்டு வந்தவன், மறுபடி போவவே இல்ல. இன்னைக்கு நாப்பத்தஞ்சு வயசாவுது. அப்பான்னு வாயைத் தொறந்து ஒரு நாள் பேசினதில்ல.

அந்தக் கேசை மேனேஜர் மட்டுமா தோக்கடிச்சான்?

பிப்ரவரி 18, செவ்வாய்

மீதி லட்டை எறும்புக்குப் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

நேற்று ராத்திரி ஹேமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். "இப்ப கேஸ் போடலாமா ஆயா?" என்றாள். யார்மேல் போடுவது? முதலாளியும் இல்லை, மேனேஜரும் இல்லை, அந்த ஆபீசரும் இல்லை. தோல்ஷாப்பு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. நான் ஒருத்திதான் பாக்கி.

சர்தார் பாஷா இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று மட்டும் விசாரி என்றேன். ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அவர் மகள் அம்பரீன் இவள் கம்பெனியிலேயே தையல் லைனில் சூப்பர்வைசராம். பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாளாம். வாப்பா இருக்கிறார், கண்தான் போய்விட்டது என்று சொன்னாளாம்.

அத்தனை இடத்தைப் பார்த்த கண்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நானும் ஹேமாவும் பேரணாம்பட்டு போனோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கேரியரில் சோறும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தேன். அதே கேரியர்தான்.

வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. ஆள் பாதியாக ஆகிவிட்டார். அம்பரீன் அவர் காதில் குனிந்து, "வாப்பா, ஆம்பூர்லேர்ந்து கெங்கம்மா வந்திருக்காங்க" என்றாள்.

நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு கையை நீட்டித் துழாவினார். நான் கேரியரைத்தான் நீட்டினேன். வாங்கி, மூடியிலிருந்து அடிவரை தடவினார். நெளிவில் விரல் நின்றது.

"இது இன்னா, இப்படி அடி வாங்கியிருக்குது?"

"உங்க மேல எறிஞ்சது."

சிரித்தார். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். "அன்னைக்கு ஒரு வாரம் கை தூக்க முடியல தங்கச்சி. எதுக்கு எறிஞ்சேன்னு கேக்கத்தான் மறுபடி மறுபடி வந்தேன். பாயசத்தைத் திறக்காம திருப்பிக் கொண்டாந்தேனே, அந்தக் கோவம்னு நெனச்சேன்."

இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

சொன்னேன். லேபர் ஆபீஸ், மேனேஜர், தூண், தேதி, எல்லாம். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"தூணுக்குப் பக்கத்துல செயின் கவர் ஒடைஞ்ச சைக்கிளா? அது ஜும்மா அன்னைக்கு எடுத்ததாச்சே. கீழ கால்வாயில நாயி இருக்குமே."

"இருக்குது பாய். இப்பதான் பாத்தேன்."

"பெருமாள் சொன்னாரு, ஷாப்பு மேனேஜரு உன் படத்துல ஒண்ணு காலண்டருக்குக் கேட்டு வாங்கினு போனாருன்னு. அந்த வருஷம் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லினு திரிஞ்சேன். காலண்டர் வருதா வருதான்னு பாத்துனு இருந்தேன்."

அம்பரீன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே தங்கச்சி. நெகட்டிவ்வோட வந்திருப்பேனே."

இலையைப் போடட்டுமா என்று கேட்டேன். போடச் சொன்னார். கருவாட்டை முள் எடுத்து வைத்தேன். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார். ஜாஸ்திதான்.

பிப்ரவரி 24, திங்கள்

தமிழினிக்குப் போன் போடச் சொல்லி, பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். சர்தார் பாஷா. சர்தார் பாஷா. வாய்க்குப் பழக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

செந்தில்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. கண் தெரியாத ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தி என் அப்பா பெயரை அழிக்கப் பார்க்கிறீர்கள் என்று தமிழினியிடம் கத்தியிருக்கிறான். அதனால் இன்று எல்லாரும் பேரணாம்பட்டில் கூடினோம். நோன்பு மாதம் என்பதால் அம்பரீன் வீட்டில் அடுப்பு அமைதியாக இருந்தது. பாய்க்குச் சர்க்கரை, நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கேட்காமல் வைத்திருக்கிறார்.

தமிழினி ஒரு யோசனை செய்திருந்தாள். படத்தில் இருப்பதை அவள் சொல்வாள். படத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று பாய் சொல்ல வேண்டும்.

"எடைமேடை. தகரக் கூரை."

"எடது பக்கம் சோடாக்கடை. படத்துல வராது. கோலி சோடா டிரே ஒண்ணு தரையில இருந்துச்சு, அதை ஒதுக்கித்தான் எடுத்தேன். ஓரத்துல அதோட நிழல் இருக்கும் பாரு."

இருந்தது.

"பஸ் ஸ்டாண்டு சுவர்."

"எந்தச் சுவரு? ரெண்டு எடுத்தேன். சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, அடிச்சப்புறம் ஒண்ணு."

இரண்டும் இருந்தன. பதினாறு படம் இப்படிப் போனது. தமிழினி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏன் ஐயா ஆளே இல்ல?" என்றாள் கடைசியில்.

"ஆளை எடுத்தா காப்பி குடுன்னு வீட்டாண்ட வந்து நிப்பான். சுவரு வராது." சிரித்தார். அப்புறம் மெதுவாக, "கேரியர்க்காரனை எந்தக் கேட்டுலயும் உள்ள உடமாட்டாங்கம்மா. சோறு மட்டும் உள்ள போவும். வெளிய நின்னா இன்னா தெரியுமோ அதை எடுத்தேன்."

செந்தில்குமார் மட்டும் விடவில்லை. "எங்கப்பா சீல் இருக்குதே பின்னாடி!"

என்னால் அடக்க முடியவில்லை. "உங்கப்பன் சீல் என் கல்யாண போட்டோ பின்னாடியும்தான் இருக்குது. அதுக்காக உங்கப்பனா எனக்குத் தாலி கட்டினான்?"

அம்பரீன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஹேமா என் காலைக் கிள்ளினாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சிரிப்பெல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்து, லேபர் ஆபீஸ் கதை முழுவதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பின்னால் தேதி எழுதிய கை யாருடையது என்று கேட்டேன். ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுகிற கை.

அவன் முகம் கறுத்துவிட்டது. "எங்கப்பா தெரிஞ்சு பண்ணியிருக்கமாட்டாரு ஆயா" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 12, புதன்

செந்தில்குமார் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் காகித உறையை எடுத்துத் தரையில் வைத்தான். நெகட்டிவ் போட்டு வைக்கிற உறை, நாய் படம் இதில்தான் இருந்ததாம். டப்பாவைக் கொடுப்பதற்கு முன் காலி உறைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தானாம்.

மேலே அவன் அப்பா எழுத்து. பாஷா பாய், கேரியர். 6-7-91. ஏழுக்குக் குறுக்குக்கோடு.

ஃபிலிம் கழுவ வந்தது ஜூலை ஆறு, சனிக்கிழமை. படம் எடுத்தது அதற்கு முந்தின நாள் வெள்ளி. என் வீட்டுக்காரர் சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னாடி. அதைக் கழுவின அதே கைதான் பின்னால் பதினேழு என்று எழுதியது.

"கிழிச்சுப் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரல" என்றான். வாசல்வரை போனவனைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

அவன் போனதும் டைரியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். முதல் பெயரை அடித்தேன். அந்த இடத்தில் பெருமாள் என்று எழுதினேன். செத்தவர் என்றெல்லாம் பார்க்க முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பெயர் எழுதுகிறார்களாம். பாய் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டார். குழாயடி, விறகுக்கடை, கேட்டு, இன்னொரு கேட்டு என்று. நாய் படத்துக்கு மட்டும், "அதைக் கெங்கம்மா தங்கச்சியக் கேளு" என்று சொல்லிவிட்டாராம்.

தமிழினி போனில் கேட்டாள். ஒரு சொல் சொன்னேன்.

"அவ்வளவுதானா ஆயா? தாத்தா பேரு, தேதி, நடந்தது எதுவும் வேண்டாமா?"

இப்போதெல்லாம் ஆயா என்கிறாள்.

"வேணாம். தோல்ஷாப்புல வேலை செஞ்சவனுக்குப் புரியும்."

பூவரசனுக்குப் பெங்களூருக்குப் போன் போட்டேன். வாடா என்று மட்டும் சொன்னேன். லீவு இல்லை என்றான்.

மார்ச் 23, ஞாயிறு

படங்களை மாட்டியிருக்கிற ஹால் வாசல் பலகையில் பெரிய எழுத்தில் சர்தார் பாஷா என்று எழுதியிருந்தது. நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். செந்தில்குமாரே பேனர் அடித்துக் கொடுத்திருக்கிறான். கீழே ஓரத்தில் அவன் கடைப் பெயரையும் போட்டிருக்கிறான். போகட்டும்.

பதினொரு மணிக்குள் கூட்டம். பழைய தோல்ஷாப்பு ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கைத்தடியோடு சிலர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு சிலர். தன் வீட்டுத் திருப்பத்தைப் பார்த்ததும் ஒவ்வொருத்தரும் கத்துகிறார்கள்.

நான் அந்தப் படத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கீழே சின்ன அட்டையில் ஒரே சொல்: வெள்ளிக்கிழமை.

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பிறகு இரண்டு பேர். ஒருவரை அடையாளம் தெரிந்தது. என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர், அன்று ஆபீசர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றவர். என்னைக் கவனிக்கவில்லை.

"அட, நம்ம ஷாப்பு கேட்டு."

"வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கான்?"

"வெள்ளிக்கிழமைதான். கால்வா காஞ்சிருக்குது பாரு. நாயி படுத்துனு கீது. மத்த நாள்ல படுக்குமா?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கல்தூணைப் பார்த்தார். பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார். அவர் கண் அங்கிருந்து நகரவே இல்லை. அந்த இடத்தில் யார் சைக்கிள் நிற்கும் என்று அவருக்கும் தெரியும்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த தடி கீழே விழுந்தது.

தடியை எடுத்துக் கொடுத்தது பூவரசன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. லீவு இல்லை என்றவன். பெரியவர் அவன் முகத்தைப் பார்த்து, "நீ சுப்பராயன் பையனா?" என்றார். அவன் ஆமாம் என்றான். "உங்கப்பன் குடிக்கமாட்டான்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டது.

பூவரசன் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டான். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவன் அப்பாவைப் போலவே ஒரு தோளைச் சாய்த்து நிற்கிறான். இத்தனை நாள் இதை நான் பார்க்கவில்லையா?

மதியத்துக்கு மேல் அம்பரீன் பாயைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நோன்பு. உதடு காய்ந்திருந்தது. எல்லாரும் சுற்றி நின்று கை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து, மெதுவாக என் பக்கம் வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"எந்தப் படத்தாண்ட உக்காந்திருக்கோம் தங்கச்சி?"

சொன்னேன்.

"நாயி தெரியுதா?"

"தெரியுது பாய். தூங்குது."